நேற்றில் தொடங்கும் சமையல்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா. சாத்தூருக்குச் சேவு. விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய். வத்திராயிருப்புக்கு?

பெங்களூர் ஆபீசில் யாராவது ‘உங்க ஊர் ஸ்பெஷல் என்ன?’ என்று கேட்டால் நான் பால்கோவாவைத்தான் சொல்வேன். இருபது கிலோமீட்டருக்குள் கிடைக்கிற பொருள், நம்முடையதும்தானே என்கிற உரிமை. 2025-ல் எங்கள் தாலுகாவின் கூமாபட்டி இன்ஸ்டாகிராமில் வைரல் ஆனதும் பிளவக்கல் அணையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கார்கள் வந்தன. அவர்களும் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

உணவைப் பற்றி எழுதுகிறவர்களின் பாதையும் பெரும்பாலும் இதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த எழுத்தின் மேல் எனக்குப் பெரிய மயக்கம் உண்டு. இன்ஜினியரிங் ஹாஸ்டலில், மெஸ் சாப்பாட்டை வெறுத்துக்கொண்டிருந்த நாட்களில், சமஸ் எழுதிய ‘சாப்பாட்டுப் புராணம்’ கைக்குக் கிடைத்தது. தினமணியில் வேலை பார்த்தபோது அவர் எழுதிய பத்திகளின் தொகுப்பு. ஒரு ஊருக்குப் போவது, சின்னக் கடை ஒன்றில் உட்கார்ந்து சாப்பிடுவது, அடுப்பு பக்கத்தில் நின்று பார்ப்பது, கடைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது. இதையெல்லாம் ஒரு பத்திரிகைக்காரர் வேலையாகவே செய்ய முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி. எங்கள் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், ஜூனியர் விகடனில் ‘உணவு யுத்தம்’ தொடரில், தட்டுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் வியாபாரத்தையும் எழுதினார்.

பிறகுதான் ஜோனதன் கோல்டைப் படித்தேன். லாஸ் ஏஞ்சலீஸ்காரர், ப்ரூஃப் ரீடராக வேலையைத் தொடங்கியவர். பீக்கோ புலிவார்ட் என்கிற நீண்ட சாலையில் இருக்கும் ஒவ்வொரு கடையிலும் சாப்பிட்டுவிடுவது என்று இளவயதில் கிளம்பினார். ஆடம்பர ரெஸ்டாரண்டுகளை விட்டுவிட்டு, குடியேறி வந்தவர்கள் நடத்தும் சின்னக் கடைகளைப் பற்றி எழுதினார். 2007-ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. உணவக விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல்முறை.

இவர்கள் எல்லோரும் கவனிக்கப்படாத கடைகளைக் கவனித்தார்கள். ஆனால் கடைதான் அவர்களின் எல்லை. அதற்கு அந்தத் தொழிலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பத்திரிகைக்கு வேண்டியது செய்தி. தினமும் நடப்பது செய்தி ஆகாது.

பால்கோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கென்றே செய்த பண்டம் மாதிரி இருக்கும். பசும்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். பத்து லிட்டர் பாலைக் கடாயில் ஊற்றிக் கிண்டினால், எட்டு லிட்டருக்கும் மேல் ஆவியாக வேண்டும். அடிபிடிக்காமல் ஒருவர் விடாமல் துழாவ வேண்டும், சீனி சேரும் நேரம் பார்க்க வேண்டும், பதம் வந்ததும் இறக்க வேண்டும். தொடக்கம், நடு, முடிவு மூன்றும் இருக்கிற கதை. 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நிருபர் மாலைக்குள் செய்தியை முடித்துவிடலாம்.

எங்கள் வீட்டுப் புளிக்குழம்பை அப்படி எழுத முடியாது. அது எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது.

இதை நான் கண்டுகொண்டது 2020-ல். மார்ச்சில் இரண்டு வாரத்துக்கு என்று ஊருக்கு வந்தவன், ஊரடங்கு, ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று பதினோரு மாதம் இருந்துவிட்டேன். அடுப்படிக்குப் பக்கத்து அறையில்தான் நெட்வொர்க் கிடைக்கும். மீட்டிங்குகளுக்கு நடுவே, பழக்கதோஷத்தில், அம்மா என்ன சமைக்கிறார் என்று லாக் எழுத ஆரம்பித்தேன். நேரம், பண்டம், ஏன் அது என்று மூன்றே கட்டம். நாற்பத்தொரு நாள் எழுதினேன். ஒரு வாரத்தின் பகுதி இது:

சனி சாயங்காலம் மாவு ஆட்டியாச்சு. ஞாயிறு காலை இட்லி. மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு, ராத்திரி தோசைக்கும் அதுவே. திங்கள் காலை, மிச்சக் குழம்பைச் சுண்டவைத்துப் பழைய சோற்றுக்கு வெஞ்சனம். மத்தியானம் ரசமும் கானத் துவையலும், ஏனென்றால் ‘நேத்து வயிறு கனத்துப்போச்சு’. செவ்வாய், மாவு புளித்துவிட்டது, வெங்காயம் போட்டு ஊத்தப்பம். செவ்வாய் கவுச்சி இல்லை, அதனால் புளிக்குழம்பு. கூடுதலாகவே வைத்தது, ஏனென்றால் புதன்கிழமை அம்மாவுக்கு ரேஷன் கடை வேலை இருக்கிறது, புளிக்குழம்பு மறுநாளும் தாங்கும். புதன் ராத்திரி கோதுமை ரவை உப்புமா, ஏனென்றால் மாவு தீர்ந்தது. வியாழன், கண்மாய் மீன் விற்கிறவர் டிவிஎஸ் 50-இல் வந்தார், திட்டம் எல்லாம் மாறியது.

இதைப் படித்தால் எங்கள் தொழில்காரர்களுக்கு உடனே புரியும். நாங்கள் ‘ஸ்டேட்’ என்போம். ஒரு புரோகிராம் இப்போது என்ன செய்யும் என்பது, இதுவரை என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. சமையல் குறிப்பு அப்படி இல்லை. அது எப்போதும் காலி அடுப்படியில் தொடங்கும். ‘தேவையான பொருட்கள்’ என்று ஒரு பட்டியல், எல்லாம் கடையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியது போல. அம்மாவின் சமையல் நேற்றில் தொடங்கும். எது மிச்சம், எது கெட்டுப்போகும், யாருக்கு உடம்பு சரியில்லை, சிலிண்டர் எத்தனை நாள் வரும். ருசி இந்தக் கணக்குகளுக்கெல்லாம் பிறகுதான். ஆனாலும் ருசி இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

நான் எழுதுவதை அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார்.

“இதப்போயி எதுக்குடா எழுதுற? கறி எடுத்த அன்னைக்கு எழுதுனாலும் ஒரு மதிப்பு.”

பத்திரிகை ஆசிரியர் யாராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ எத்தனையோ கல்யாணச் சீர்களில் இடம்பெற்றது, எத்தனையோ பெட்டிகளில் வெளிநாடு போனது. இளம் வயதில் கணவரை இழந்தவர், வீட்டுப் பெண்களின் கையில் மட்டும் இருந்த அளவை அச்சுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் நாடகம் படிக்கப் போன மதுர் ஜாஃப்ரிக்கு டெல்லியிலிருந்து அம்மா ஏர்மெயிலில் சமையல் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்களில் கற்றவர்தான் 1973-ல் ‘அன் இன்விடேஷன் டு இண்டியன் குக்கிங்’ எழுதினார். வீட்டுச் சமையல் எழுத்துக்கு வரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பண்டம் வந்த அளவுக்கு அந்தத் தினக்கணக்கு வரவில்லை.

எந்த வீடுகளின் பண்டம் வந்தது என்பது அடுத்த கேள்வி. ‘சமைத்துப் பார்’ ஒரு பிராமண, சைவ அடுப்படியின் புத்தகம். அதில் தவறில்லை, அவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார். ஆனால் கருவாடும் குடல்குழம்பும் கொதித்த அடுப்புகளுக்கு அப்படி ஒரு புத்தகம் அந்தக் காலத்தில் வாய்க்கவில்லை. எங்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு சாதி மாறும், தெருவுக்குத் தெரு குழம்பும் மாறும். என் நாற்பத்தொரு நாள் லாக் ஒரே தெருவின், ஒரே வீட்டின் லாக். மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015-ல் மராத்வாடா தலித் சமையலைப் புத்தகமாக எழுதினார். தனக்கு எது மிச்சமாக, கழிவாகக் கொடுக்கப்பட்டதோ அதிலிருந்து ஒரு சமையல் எப்படி உருவானது என்பதை அதில் பார்க்கலாம். அது ஆங்கிலத்துக்கு வர 2024 ஆனது. அதைப் படித்தபோது, ‘மிச்சம்’ என்கிற சொல் எல்லா வீட்டிலும் ஒரே பொருளில் இல்லை என்பது உறைத்தது. எங்கள் வீட்டில் அது நேற்றைய குழம்பு. சில வீடுகளுக்கு அது அடுத்த தெருக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளியது.

2022 ஐப்பசியில் அப்பா இறந்தார். காரியம் எல்லாம் முடிந்து நான் பெங்களூர் திரும்பினேன். அம்மா என்னோடு வர மறுத்துவிட்டார். வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது.

தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். “சாப்டியாம்மா?” “ஆச்சுப்பா.” “என்ன?” “ரசமும் அப்பளமும்.” மறுநாளும் ரசம்தான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது சொன்னார்: “ஒருத்திக்கு என்னத்தடா வைக்க? கொழம்பு வச்சா மூணு நாளைக்குக் கெடக்கு. மாவாட்டுனா புளிச்சு ஓடுது.”

ருசி போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை, அப்பா நினைவு வருகிறது என்றும் சொல்லவில்லை. சமையல்காரியாகச் சொன்னார். சங்கிலி ஓடுவதற்குச் சாப்பிட ஆட்கள் வேண்டும். நேற்றைய மிச்சத்தை இன்று காலைக்குள் தீர்க்க இரண்டு வயிறாவது வேண்டும். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் ஓடிய ஒரு வேலை ஒரே வாரத்தில் நின்றுபோனது. ஐம்பது வருஷத்துக் கடை ஒன்று மூடினால் நிருபர் வருவார், கடைசி நாள் கூட்டத்தைப் படம் எடுப்பார். மாஸ்டரின் பெயர் அச்சில் வரும். தமிழ்நாட்டில் இப்படி எத்தனை அடுப்படிகள், பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, ரசத்துக்கும் அப்பளத்துக்கும் இறங்கிவிட்டன என்று எழுத ஒரு நிருபரை யார் அனுப்புவார்கள்?

நான் பத்திரிகைக்காரன் இல்லை. பகலில் அடுத்தவர்கள் எழுதிய கோடில் பிழை தேடுகிறவன். ஆனால் அந்த நோட்டை மறுபடி எடுத்திருக்கிறேன். இப்போது இரண்டு பத்தி. ஒன்றில் என் பெங்களூர் அடுப்படி, இன்னொன்றில் வத்திராயிருப்பு. கொஞ்ச நாளாகப் பக்கத்து வீட்டுச் சித்தியும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு சமைக்கிறார்கள். இன்றைக்கு இந்த வீட்டில் குழம்பு, அந்த வீட்டில் வெஞ்சனம். யார் யோசனை என்று கேட்டேன். “யோசனை என்ன யோசனை, மாவு புளிக்குதுன்னு அவளுக்கு ஒரு கும்பா கொடுத்தேன்” என்றார்.

போனில் நான் இப்போது ‘சாப்டியா’ என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ‘ஆச்சு’ தவிர வேறு பதில் வராது. “நேத்து என்னம்மா மிச்சம்?” என்று கேட்கிறேன். இருபது நிமிஷம் பேசுகிறார்.