அம்மாவின் பையும் என்ர போனும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டரை மணி. கம்பஸ் உதவிப்பணத்துக்கான விண்ணப்பத்தை நாலு மணிக்கு முதல் மெயிலில் அனுப்ப வேண்டும். எல்லாம் நிரப்பியாயிற்று. ஒன்று மட்டும் குறை: வீட்டு வருமானச் சான்றிதழ். அதை இரண்டு மாதத்துக்கு முதலே கிளிநொச்சியில் ஒரு கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி, எனக்கு அனுப்பியும் விட்டார்கள். நான் திறந்து பார்த்தது நல்ல ஞாபகம். போனுக்குள்தான் இருக்கு. ஆனால் எங்கே?

டவுன்லோட் போல்டரைத் திறந்தேன். அறுநூறுக்கு மேல் பைல்கள். ஒரே விரிவுரைக் குறிப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று அடைப்புக்குறிக்குள் இலக்கம் போட்டுக்கொண்டு நாலு தரம் கிடந்தது. தேடப் பஞ்சிப்பட்டு ஒவ்வொரு முறையும் திரும்ப டவுன்லோட் பண்ணியதன் பலன். டேட்டா முடியுது, டேட்டா முடியுது என்று நான் புலம்புவதற்கும் இதுதான் காரணம் போல. 'வருமானம்' என்று தேடினேன், இல்லை. 'இன்கம்' என்று தேடினேன், இல்லை. தம்பி அனுப்பினானா, கடைக்காரர் நேரே அனுப்பினாரா, மெயிலில் வந்ததா என்பதே மறந்துவிட்டது. மூன்று மணியும் தாண்டிவிட்டது. அந்த உதவிப்பணம் இல்லாவிட்டால் திருநெல்வேலியில் அறை வாடகை கட்ட வழியில்லை. கை நடுங்கத் தொடங்கியது.

அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.

"அம்மா, அந்த வருமானச் சேர்டிபிக்கட் எங்க இருக்கு?"

"பையுக்க. ரெண்டாவது கவர். உன்ர பிறப்புச் சேர்டிபிக்கட்டுக்குப் பின்னால. ஏன் பிள்ளை?"

அம்மா அப்போது வீட்டிலேயே இல்லை, பக்கத்து வீட்டில் நின்றுதான் கதைத்தா. தம்பி வீட்டுக்குள் போய் எடுக்க இரண்டு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. விறாந்தை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். மூன்று ஐம்பதுக்கு விண்ணப்பம் போய்விட்டது.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைக் கொப்பிகள், காணி உறுதி, குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் பொலித்தீன் கவர்களில் சுற்றி வைத்த பை. 2009இல் எனக்கு ஆறு வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது சட்டி பானை ஒவ்வொரு இடத்திலும் குறைந்துகொண்டே வந்தது. பை மட்டும் குறையவில்லை. முகாமில் பதியும்போது அம்மா அதிலிருந்துதான் ஒவ்வொரு பேப்பராக எடுத்து நீட்டினா. இன்றைக்கும் கரண்ட் இல்லாத இரவில் கேட்டாலும், கையால் தடவியே எந்தக் கவரில் எது என்று சொல்லுவா.

என்ர போனுக்குள் அம்மாவின் பையைப் போல ஆயிரம் பை கொள்ளும். ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் கிடைக்காத பைலும் இல்லாத பைலும் ஒன்றுதான்.

அந்த இரவே உட்கார்ந்து தேடினேன். முதலில் விளங்கியது: போனில் டவுன்லோட் ஆகிறவை எல்லாம் ஒரு இடத்துக்குப் போவதில்லை. பிரவுசரில் இறக்கியது டவுன்லோட் போல்டருக்குப் போகும். வட்ஸ்அப்பில் வந்த பிடிஎப்போ, இப்போதைய அன்ட்ரொயிட் போன்களில் 'அன்ட்ரொயிட்' என்ற போல்டருக்குள் 'மீடியா', அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ஸ்அப்பின் இரண்டு போல்டர்கள், அதற்குள் இன்னொரு 'மீடியா', கடைசியில் 'வட்ஸ்அப் டொகியுமென்ட்ஸ்' என்று ஆறு படலை தாண்டி இருக்கும். மெயிலில் வந்ததைத் திறந்து பார்த்தால் மட்டும் அது போல்டரில் சேராது, கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்த வேண்டும். நான் தேடியது அந்த ஆறாவது படலைக்குப் பின்னால், பெயர் சேவ் பண்ணாத ஒரு நம்பரிலிருந்து வந்து, 'ஸ்கேன்0007' என்று கிடந்தது. போனின் பைல் அப் பெயரைத்தான் தேடும். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று அது வாசித்துப் பார்ப்பதில்லை. பிறகு எப்படி 'வருமானம்' என்றால் வரும்?

அதனால் பெயர் மாற்றத் தொடங்கினேன். முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், அதன் பிறகு விஷயம்: '2025-03-12 வருமானச் சான்றிதழ்' என்பது போல. நாளை முன்னுக்குப் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் திகதிகளும் ஒன்றாக வந்து குழம்பும். ஆண்டை முன்னுக்குப் போட்டால் தானாகவே கால ஒழுங்கில் நிற்கும். போல்டர்கள் நாலே நாலு: அடையாளம், கம்பஸ், வீடு, வாசிக்க. அதற்கு மேல் போட்டால் எதில் வைத்தேன் என்று பிறகு அதையும் தேட வேண்டும். வட்ஸ்அப் பைலை அதன் இடத்திலிருந்து நகர்த்தினால் சட்டில் தட்டும்போது திறக்காமல் போகலாம். அதனால் கொப்பி எடுத்துத்தான் போட்டேன்.

அம்மா எல்லாப் பத்திரத்திலும் ஒரு போட்டோகொப்பி எடுத்துப் பெரியம்மா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறா. "ஒரு இடத்தில இருக்கிறது இல்லாததுக்குச் சமன்" என்பா. நானும் அடையாளம் போல்டரை மட்டும் கூகுள் டிரைவில் ஒரு பிரதி போட்டு, கணக்குக்கு நல்ல பாஸ்வேர்டும் வைத்தேன். இலவசமாகத் தருகிற 15 ஜிபியில் அது ஒரு மூலைக்கும் காணாது.

அடுத்த கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: "எங்கட கலியாண அல்பத்தையும் அண்டைக்குப் பையுக்க வச்சிருக்கலாம். பாரம் எண்டு விட்டிட்டன்."

பதினாறு வருஷத்தில் அம்மா இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் மாலையோடு நிற்கிற ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. பைக்கு ஒரு அளவு இருந்தது. எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று அம்மா ஓடுகிற அவசரத்தில் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. எனக்கு அந்த அவசரமும் இல்லை, பாரமும் இல்லை. அதனால்தான் நான் எதையுமே தெரிவு செய்யாமல் எல்லாவற்றையும் குவித்து வைத்திருந்தேன் போல.

அன்றைக்கு ஐந்தாவதாக ஒரு போல்டர் திறந்தேன். பெயர் 'அல்பம்'. பெரியம்மாவின் கலியாண வீட்டுப் படம் ஒன்று கனடாவில் மாமாவிடம் இருக்கிறதாம், அதில் அம்மாவும் அப்பாவும் பின்வரிசையில் நிற்கிறார்களாம். கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். வந்ததும் முதல் வேலை, பெயர் மாற்றுவதுதான்.