சிவப்புக் கோடு

நைட்டி என்ற உடைக்குத் தமிழ் இலக்கியத்தில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. கதாநாயகி எந்தக் காலத்திலும் புடவைத் தலைப்பால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஆனால் காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். பால் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நைட்டியில்தான் வருகிறார்கள்; மேலே ஒரு துண்டு, மரியாதைக்கு.

அந்த நைட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரத்தில் இருக்கிற யாரும் பெருமையோடு பதில் சொல்லுவார்கள். மேற்கே மலை, ஊருக்குள் நுழைந்தால் தையல் மெஷின் சத்தம். வீட்டுத் திண்ணை, மாடி, மாட்டுக்கொட்டில் இருந்த இடம் எல்லாவற்றிலும் நைட்டியும் இன்ஸ்கர்ட்டும் தயாராகின்றன. என் அக்காவை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. அத்தானுக்கு இருபத்திரண்டு மெஷின் உள்ள ஒரு பட்டறை.

அந்த வேலையைச் சற்றுச் சொல்ல வேண்டும். பேல் பேலாகத் துணி வந்து இறங்கும். நீள மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, அளவுக் கோடு போட்டு, கட்டிங் மெஷினால் அறுத்துக் கட்டுக் கட்டாகப் பிரிப்பார்கள். ஒருத்தி தோள் சேர்ப்பாள்; ஒருத்தி கை வைப்பாள்; ஒருத்தி கழுத்துப் பட்டி; ஒருத்தி ஜிப். பிறகு ஓவர்லாக், ஓரம் மடித்து அடிப்பது, பிசிர் வெட்டுவது, செக்கிங், அயர்ன், பாக்கெட். பெரும்பாலும் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே சமயத்தில் ஐந்து வியாபாரிகளின் ஆர்டர் ஓடும். இன்றைக்கு யார் எந்தக் கட்டை எடுப்பது என்பதை அத்தான் ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். அதை வாசிக்க அவரால் மட்டுமே முடியும். மத்தியானத்துக்கு மேல் அவராலும் முடியாது.

என் மருமகன், அதாவது அக்காவின் மகன், சென்னையில் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் இருந்தவன். அவனுக்கு அங்கே உத்தியோகமே ஆட்களைப் பங்கு போடுவதுதான். இந்தப் புராஜெக்டுக்கு மூன்று ஆள், அந்தப் புராஜெக்டுக்கு ஒன்றரை ஆள். அரை ஆள் என்றால் என்ன என்று நான் ஒரு தடவை கேட்டேன். "காலையிலே இங்கே, சாயங்காலம் அங்கே, மாமா" என்றான். 2020-ல் ஊரடங்கின்போது வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சென்ற ஆண்டு அத்தானின் நோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு திட்டமிடும் மென்பொருளைப் போட்டான்.

திரையில் இடது பக்கம் முப்பத்தொரு பெயர்கள். மேலே தேதிகள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஆர்டருக்கு ஒரு நிறமாகக் கோடுகள். ஒருத்தியின் நாள் நிரம்பினால் பச்சை. அளவுக்கு மீறினால் சிவப்பு. அந்தப் பெயர்களுக்கெல்லாம் மேலே தலைப்பு, 'ரிசோர்ஸ்' என்று இருந்தது. நிலக்கரிக்கும் ஆற்று மணலுக்கும் சொல்லுகிற வார்த்தை. மெஷின்களும் அதே தலைப்பின் கீழேதான் இருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இந்தக் கோடுகள் ஒன்றும் புதிதல்ல. போலந்துக்காரரான கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே இப்படி ஒரு படம் போட்டார். அமெரிக்காவில் ஹென்றி காண்ட் 1910-க்குப் பிறகு போட்ட படம் பிரபலமாகி, இன்றைக்கும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி. ஏ. சி. ராமசாமி ராஜாவின் குழுமத்திலிருந்தே ராம்கோ சிஸ்டம்ஸ் கிளம்பி, 1990-களில் மார்ஷல் என்ற பெயரில் நிர்வாக மென்பொருளைச் செய்து விற்றது. பஞ்சு நூற்ற ஊர்தான் ஆள் கணக்கு நூற்கவும் கற்றுக்கொண்டது. ஆகவே தளவாய்புரத்துப் பட்டறையில் இப்படி ஒரு திரை வந்தது அதிசயமில்லை.

வந்தது ஆடி மாசம். ஓணத்துக்குக் கேரளத்துக்குப் போக வேண்டிய ஆறாயிரம் நைட்டி கையில் இருந்தது. மென்பொருள் கணக்குப் போட்டது: முப்பத்தொரு பேர், எட்டு மணி நேரம், நாளைக்கு இருநூற்று நாற்பத்தெட்டு மணி, தாராளமாக முடியும் என்று பச்சைக் கோடு காட்டியது. அத்தான் திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜிப் வைக்கிறது யாரு?"

பட்டறையில் ஜிப் சுருங்காமல் வைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். ஆளுக்கு நூறு என்றால் நாளைக்கு நானூறு. மற்ற இருபத்தேழு பேரும் பறந்து பறந்து தைத்தாலும் நானூற்றொன்றாவது நைட்டி வெளியே வராது. எலியாகு கோல்ட்ராட் என்ற இஸ்ரேல்காரர் 1984-ல் இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல 'தி கோல்' என்று ஒரு நாவலே எழுதினார். அதில் பையன்கள் வரிசையாக மலைப்பாதையில் நடக்கிறார்கள். மெதுவாக நடக்கிற குண்டுப் பையனுடைய வேகம்தான் மொத்தக் கூட்டத்தின் வேகம். நாவலாக அது சுமார்தான், ஆனால் அந்தப் பையனை மறக்க முடியாது. மருமகனும் பிடிவாதக்காரன் அல்ல. யாருக்கு எந்த வேலை தெரியும் என்பதையும் எழுதிப் போட்டான். உடனே நாலு பெயரும் ரத்தச் சிவப்பாகிவிட்டன.

"அப்போ இன்னும் நாலு பேரை ஜிப்புக்கு உட்கார வைப்போம்" என்றான்.

"பழக்கிக் கொடுக்கிறது யாரு? அந்த நாலு பேருதானே?" என்றார் அத்தான்.

ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய புத்தகத்தின் சாரமும் இதுதான். பிந்திப்போன வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே அது இன்னும் பிந்தும். அத்தான் அந்தப் புத்தகத்தை வாசித்ததில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. திரையில் திங்கள் முதல் சனி வரை எல்லா நாளும் ஒரே நிறம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடும் நாளில் தளவாய்புரத்தில் மெஷின் ஓடாது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பாதிப் பேர் போய்விடுவார்கள். சுவரில் தொங்கிய சிவகாசிக் காலண்டருக்கு அது தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மருமகன் நாட்களை அடித்தான்.

அப்புறம்தான் பெரிய வழக்கு வந்தது. ஜிப் வைக்கிறவர்களை எண்பது பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்றான் அவன். மிச்சம் இருபது சும்மா கிடக்கட்டும் என்றால் எந்த முதலாளி ஒப்புவார்? ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909-லிருந்து இந்தக் காத்திருப்புக் கணக்கை ஆராய்ந்தார். ஒரே ஆள்; வேலை முன்பின்னாக வந்து சேருகிறது; ஒவ்வொன்றுக்கும் பிடிக்கிற நேரமும் முன்பின்னாக இருக்கிறது. அந்த ஆள் நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் வேலையில் இருந்தால், ஒரு கட்டு தன் முறைக்காகக் காத்திருப்பது சராசரியாக நாலு கட்டு தைக்கிற நேரம். தொண்ணூறு பங்கு என்றால் ஒன்பது கட்டு நேரம். தொண்ணூற்றைந்து என்றால் பத்தொன்பது! நூறு என்றால் முடிவே கிடையாது. சந்தேகமிருந்தால் முகூர்த்த நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்க்கலாம்.

அத்தான் அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் ஜிப் வைக்கிறவர்களில் மூத்தவள் எழுந்து நின்று கேட்டாள்: "தம்பி, சும்மா இருக்கிற நேரத்துக்குக் காசு யார் தருவா?"

சென்னையில் மாசச் சம்பளம். சும்மா இருந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. இங்கே பீஸ் கூலி. சும்மா இருந்தால் நஷ்டம் அவளுக்கு. அதற்குத் திரையில் ஒரு நிறமும் இல்லை. இரண்டு நாள் பேசி, அந்த நாலு பேருக்கும் நாள் கூலிக்கு ஓர் அடிமட்டம், அதற்கு மேல் பீஸ் கணக்கு என்று தீர்மானம் ஆயிற்று.

இவ்வளவும் ஆன பிறகு மருமகன் பட்டறையில் கை வைக்கிற எல்லோர் பெயரையும் ஏற்றிவிடுவது என்று உட்கார்ந்தான். முப்பத்திரண்டாவதாகத் தன் அம்மாவின் பெயரை எழுதினான்.

அத்தான் சிரித்தார். "அவ வீட்டு ஆளுல்லடா? அவளை எதுக்கு எழுதுறே?"

ஆனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, மிச்சம் கிடக்கும் பீஸ்களைப் பிசிர் வெட்டிச் செக்கிங் பார்த்து அடுக்கி வைப்பது அக்காதான். விடிந்தால் மேஜை சுத்தமாக இருக்கும். பகல் எட்டு மணி நேரத்தில் நானூறு பீஸ் முடிகிறது என்று அத்தான் இருபது வருஷமாக வியாபாரிகளுக்குக் கொடுத்த வாக்கில், நூறு பீஸாவது அக்காவின் ராத்திரி. மகளின் பிரசவத்துக்காக அவள் இரண்டு வாரம் சங்கரன்கோவில் போயிருந்தபோது சரக்கு பிந்தியது. அதற்கு மின்வெட்டைக் காரணம் சொல்லியிருந்தார்கள்.

மருமகன் மணிக்கணக்கைப் போட்டான். அக்காவின் கோடு திரையின் ஓரம் வரை சிவப்பாக ஓடியது. யாரும் பேசவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எனக்கு எதுக்குய்யா இம்புட்டு நீளக் கோடு?" என்றாள்.

அடுத்த கட்டத்தில் மணிக்கு எவ்வளவு கூலி என்று கேட்டது. அதைக் காலியாக விட்டால் ஆர்டரின் அடக்க விலை வராது. மருமகன் செக்கிங் ஆளுக்குக் கொடுக்கிற கூலியையே எழுதினான். இன்ஸ்கர்ட் ஆர்டரில் வருஷக்கணக்காக லாபம் என்று நின்ற தொகை நஷ்டமாக மாறிவிட்டது. அத்தான் நம்பவில்லை. பழைய நோட்டைத் தேடி எடுத்து, பென்சிலால் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் அதே நஷ்டம்தான் வந்தது.

செக்கிங்குக்கு இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். மதுரை ஆர்டர் ஒன்றை வேண்டாமென்று விட்டார்கள். அதில் அத்தானுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. இன்ஸ்கர்ட் வியாபாரியிடம் பீஸுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிக் கேட்டார். அவர் ஒரு மணி நேரம் போனில் சண்டை பிடித்துவிட்டு ஒரு ரூபாய்க்குச் சம்மதித்தார். அக்கா ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். தூக்கம்தான் பதினொன்றரைக்கு முன்னால் வரமாட்டேன் என்கிறதாம்.