விபூதிப் புதனில் எடுத்த புத்தகம்

5 மார்ச் 2025, விபூதிப் புதன்

கொட்டாஞ்சேனையில் மாலைப் பூசை முடிந்து அவர் மாளிகாவத்தைத் தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தபோது மஃரிப் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. படிக்கட்டு முழுக்க நோன்புக் கஞ்சி வாசம். இந்த வருஷம் தவக்காலமும் ரமழானும் ஒன்றாக வந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர் அவர். வீட்டு அலுமாரியில் பைபிள், செபப் புத்தகம், புனிதர் வரலாறு, தியானக் கையேடு. இருபது வருஷமாக இதே வரிசைதான். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு: தவக்காலம் தொடங்கும்போது ஆளுக்கொரு புத்தகம் கொடுக்கப்படும், அதை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகப் படித்து முடிக்கவேண்டும். இறைச்சியை விடுகிறதைப்போல வாசிப்பும் தவக்காலக் கடமை என்று அங்கே எண்ணியிருக்கிறார்கள். அந்த விதியை அவர் இந்த வருஷம் கையில் எடுத்தார். கூடவே தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்: எடுக்கிற புத்தகம் அந்த அலுமாரியில் இருக்கிற மாதிரியானதாக இருக்கக்கூடாது.

8 மார்ச், சனி

டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். முன்வரிசை முழுக்கப் பரீட்சை வினாத்தாள் தொகுப்புகள், அதன் பின்னால் சிங்கள நாவல்கள். தமிழ் எங்கே என்று கேட்டால் கடைக்காரர் காலடியில் இருக்கிற பெட்டியைக் காட்டுவார். குந்தியிருந்து கிண்டினால்தான் கிடைக்கும். அட்டை போய், முதுகில் கோந்து காய்ந்து வெடித்த ஒரு பிரதி கையில் வந்தது. தனிநாயகம் அடிகளின் ‘ஒன்றே உலகம்’. உள்ளே எவரோ ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். கடைக்காரர் முந்நூறு ரூபா சொன்னார். இவர் பேரம் பேசவில்லை.

11 மார்ச்

அடிகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது உலகத் தமிழ் மாநாட்டோடு நின்றுவிட்டது. அதற்கு முந்திய கதைதான் அவரைப் பிடித்து உட்கார வைத்தது. அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பனில் பிறந்தவர். ஆங்கிலத்தில் கல்வி, கொழும்பில் குருமடம், பிறகு ரோமாபுரி, 1938இல் குருப்பட்டம். 1940இல் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளியில் படிப்பிக்கப் போனபோதுதான் தன் தமிழ் போதாது என்று அவருக்குத் தெரிந்தது. குருவானவராக இருந்தும், குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராகப் போய்த் தமிழ் கற்றார். வயது இருபத்தேழைத் தாண்டியிருந்தது. அதன்பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சங்க இலக்கிய ஆய்வு, 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழ் எல்லாம். 1679இல் அச்சான, புரோவென்சா பாதிரியாரின் தமிழ் – போர்த்துக்கேய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவரும் இவரே.

பிந்தித் தொடங்கியவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். நாற்பத்தாறு வயதில் பழைய பெட்டியைக் கிண்டுகிறவருக்கு இதைவிட வேறென்ன தெம்பு வேண்டும்?

16 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் பிறகு வயதான அம்மா ஒருவர் இவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். “கண்டதையும் வாசிச்சா விசுவாசம் ஆடிப்போகும் பிள்ளை.” அக்கறையில் சொன்னது. அந்தப் பயத்துக்கும் வரலாறு இருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கக்கூடாத நூல்களின் பட்டியலை 1559இல் ரோமாபுரி வெளியிட்டது. அது வழக்கொழிந்தது 1966இல்தான். அதே 1966இல் கோலாலம்பூரில் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியது. அதே வருஷம் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கினார். அந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் இவர் எழுதி வைத்துக்கொண்டார்.

விசுவாசம் ஆடுமா? ஆறுமுக நாவலர் யாழ்ப்பாண வெஸ்லியன் பள்ளியில் இருந்த நாட்களில் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியாகப் பைபிளைத் தமிழாக்கினார். அது 1850இல் அச்சில் வந்தது. வசனம் வசனமாகப் பைபிளை வாசித்தவர் சைவத்தைத் துறக்கவில்லை; அதைக் காக்கிற வேலைக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். மற்றவர் நூலை ஆழ்ந்து வாசித்தவருக்குத் தன் நூலும் துலங்கியிருக்கும் என்றுதான் இவருக்குத் தோன்றுகிறது. அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் அடுத்த ஞாயிறு ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

22 மார்ச், சனி

கீழ்வீட்டு நானா மகளிடம் கஞ்சிக் கோப்பையும், அதோடு ஒரு புத்தகமும் கொடுத்தனுப்பியிருந்தார். சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’. 1885இல் வெளிவந்தது, ஈழத்துத் தமிழ் நாவல்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது. எழுதியவர் கண்டிச் சட்டத்தரணி, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை நடத்தியவர். மருதானை சாஹிராக் கல்லூரிக்கு 1892இல் வித்திட்டவர்களில் ஒருவர். அந்தக் கல்லூரி மதிலைத் தாண்டித்தான் இவர் இத்தனை வருஷமாக மருதானை ஸ்டேஷனுக்குப் போய்வருகிறார். கதை எகிப்தில் தொடங்குகிறது. அரபுச் சொல் வருகிற இடமெல்லாம் தடக்கிற்று. தடக்கிய சொற்களை ஒரு கடுதாசியில் எழுதிக்கொண்டே போனார்.

29 மார்ச், சனி

ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1944இல் புனித அத்தனாசியாரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில் ஒரு யோசனை சொன்னார்: ஒரு புதுப் புத்தகம் முடிந்தால், அடுத்த புதுப் புத்தகத்தைத் தொடுமுன் பழையது ஒன்றைப் படி. பழைய காலத்தவரும் பிழை விட்டிருப்பார்கள், ஆனால் அவை நம்முடைய பிழைகளாக இரா என்பது அவர் காட்டிய காரணம். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் புத்தகத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி வாசிப்பு, போன் குசினியில். அதற்கு மேல் திட்டம் எதுவும் வகுக்கவில்லை. வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வேலை முடிந்து போனால் பஸ் நெரிசலில் இரண்டு மணித்தியாலம் போய்விடுகிறது. ஆகவே நூலகம் டொட் ஓர்க்கில் தேடி எடுக்கிறார். போனில் அல்ல, மகனின் பழைய லப்டொப்பில்.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

பெருநாள் முடிந்து நானாவும் சாவகாசமாக இருந்தார். இவர் குருத்தோலையைக் கதவில் செருகிவிட்டு, ‘அசன்பே’யையும் சொற்கடுதாசியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பதினெட்டுச் சொற்கள். நானா பதினாறுக்குப் பொருள் சொன்னார்; மிச்சம் இரண்டையும் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டு வருவதாகக் கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“தேம்பாவணி என்டு ஒன்டு இருக்காமே, வீரமாமுனிவர் எழுதினது. உங்களிட்ட இருக்கா?”

இல்லை. மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் கொண்ட அந்தக் காப்பியத்தில் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் படித்ததில்லை. புத்தாண்டு லீவு முடிந்து செட்டியார் தெருவில் கடைகள் திறந்ததும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.