கதவு ரப்பர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் 2004இல் அப்பா வாங்கியது. ஒற்றைக் கதவு, 165 லிட்டர். அவர் காலமாகி ஏழு வருஷங்கள் ஆகின்றன. கம்ப்ரஸரை ஒரு முறையும் ரிலேயை இரண்டு முறையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அம்மாவுக்கு அது அப்பா வாங்கின ஃபிரிட்ஜ்தான். எத்தனை பாகங்களை மாற்றினால் அது அப்பா வாங்கினதாக இல்லாமல் போகும் என்கிற தத்துவ விசாரத்தில் எனக்கு ஒரு காலத்தில் ருசி இருந்தது. சென்ற சித்திரையோடு அந்த ருசி போய்விட்டது.

சித்திரையில் ஃப்ரீஸரில் பனி மண்ட ஆரம்பித்தது. அதன் சின்னக் கதவை மூட முடியாத அளவுக்குக் கட்டி. கோளாறு கண்டுபிடிப்பது என் சுபாவம். பகலில் வங்கியில் கணக்கு இடிக்கிற இடத்தையும் இரவில் பிறர் எழுத்தில் பிசகிய இடத்தையும் தேடிக்கொண்டிருப்பவன் நான். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். கதவு ரப்பர் சரியாக இருந்தால் நோட்டு இறுகிப் பிடிபட வேண்டும். இது வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்மூலையில் ரப்பர் வெடித்திருந்தது. அந்த வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது, அதிலுள்ள ஈரம் பனியாகப் படிகிறது. தர்க்கம் பூர்த்தியாகிவிட்டது.

அம்மா வேறொன்று சொன்னாள்: “ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டே இருக்குடா. நிக்கவே மாட்டேங்குது.”

காற்று உள்ளே போனால் ஓடத்தான் செய்யும் என்றேன். அப்படிச் சொன்னதில் பிழையில்லை. அவள் சொன்னதை என் தர்க்கத்துக்குள் அடக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக் கடையில் மாடல் நம்பர் சொல்லிக் கேட்டேன். கம்பெனி ரப்பர் இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை, லோக்கல்தான், ஆனால் அளவு பிசகாது என்றார் கடைக்காரர். ரப்பர் என்று பெயரே ஒழிய அது மிருதுவான பி.வி.சி. அதனுள்ளே நீளமாக ஒரு காந்தப் பட்டை. மடிப்பு போக வெந்நீர் ஊற்றி நீவிப் பொருத்த வேண்டும்.

அந்தக் காந்தத்துக்கு ஒரு பின்கதை உண்டு. முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு வெளிப்புறத் தாழ்ப்பாள்தான். உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. கழித்துப்போட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடப் புகுந்த குழந்தைகள் மூச்சு முட்டி இறந்திருக்கிறார்கள். காற்றை விடாத பெட்டி சத்தத்தையும் லேசில் விடாது. அமெரிக்காவில் 1956இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: உள்ளேயிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும். தாழ்ப்பாள் இருந்த இடத்துக்குக் காந்தம் வந்தது. இதைப் படித்து நான் நெகிழ்ந்துபோனேன். அதே வாரம் என் வீட்டில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்ததுதான் என் காதில் விழவில்லை.

ரப்பரை மாற்றினேன். நோட்டு பிடிபட்டது. நாலாம் நாள் கீழ்த்தட்டில் தக்காளி கல்லாகியிருந்தது. புது ரப்பரின் மகிமை என்று எடுத்துக்கொண்டேன். பத்தாம் நாள் அம்மாவுக்குத் தலைசுற்றல், அடங்காத தாகம். சர்க்கரை 390. ஊசி ஒரு வேளையும் தவறவில்லை. டாக்டர் மருந்துக் குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பால்போலச் சீராகக் கலங்க வேண்டிய இன்சுலினில் திப்பி திப்பியாகக் கட்டிகள். ஃப்ரீஸருக்கு நேர் கீழே இருந்த குப்பி அது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு தடவை உறைந்துவிட்டால், உருகினாலும் அதை நம்பிப் போடக்கூடாது. அவளோ அதைத்தான் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “எத்தனை நாளா நிக்காம ஓடுதும்மா?” என்று அம்மாவைக் கேட்டார். “ரப்பர் மாத்துறதுக்கு முந்தியே” என்றாள். உள்ளேயிருந்த குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். அப்போதும் கம்ப்ரஸர் ஓடியது.

“தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு சார்.”

தெர்மோஸ்டாட்டிலிருந்து மயிரிழை போன்ற ஒரு குழாய் ஃப்ரீஸர்வரை போகிறது. அதற்குள் அடைத்த வாயு குளிரில் சுருங்கும்போது மின்முனைகள் விலகி ஓட்டம் நிற்கும். குழாயிலிருந்து வாயு கசிந்துவிட்டால் மிஷின் ஓடாது. முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் நிற்காது. 350 ரூபாய், அரை மணி நேர வேலை.

ரப்பரில் வெடிப்பு இருந்தது வாஸ்தவம். ஆனால் நிற்கத் தெரியாத அந்த இயந்திரத்தின் குளிரை, அந்த வெடிப்பு வழியே போன காற்றுதான் ஓரளவு தணித்துக்கொண்டிருந்தது. இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று தாங்கியிருந்தன. நான் ஒன்றைச் சரிசெய்தேன். மற்றது முழு பலத்தோடு வேலை செய்தது.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பரின் நீண்ட கவிதை ஞாபகம் வருகிறது. அதன் மூன்றாம் பகுதியில் ஒரு தளர்ச்சி, பேச்சின் கசிவு. அடைக்கச் சொன்னேன். அடைத்தார். கவிதை விறைத்துப்போயிற்று. அவருக்குத் திருத்தத் தெரியவில்லை என்று அப்போது முடிவுகட்டினேன். இன்று வேறு மாதிரிப் படுகிறது. மற்றப் பகுதிகளில் அவர் எங்கேயும் நிறுத்தவேயில்லை. படிமத்துக்கு மேல் படிமமாக ஓடிக்கொண்டிருந்தார். அந்தத் தளர்ச்சியில்தான் வாசகன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். நான் சுட்டிய குறை நிஜம்தான். நம் விமர்சனத்தில் பெரும்பகுதி இப்படி நிஜமான குறைகளைச் சுட்டுவதுதான். பழைய பிரதியைக் கேட்டு எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

அம்மாவின் சர்க்கரை இறங்க மூன்று வாரமாயிற்று. ஃபிரிட்ஜ் இப்போது இரவில் சற்று நேரம் ஓடி, ஒரு சிறு உதறலோடு நிற்கிறது. அந்த உதறலைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா கண்ணயர்கிறாள். இப்போது நானும் அப்படித்தான்.