அக்டோபரில் உள்ளே வரும் கறிவேப்பிலை

நியூ ஜெர்சியில் கறிவேப்பிலை வளர்க்கிறவர்களுக்கு அக்டோபர் பரீட்சை மாதம். இரவில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் தொட்டியை உள்ளே தூக்கிவிட வேண்டும். உறைபனி தொட்டால் செடி போச்சு.

போனால் இன்னொன்று வாங்கிக்கோயேன் என்பார்கள் நண்பர்கள். எலுமிச்சையும் ஆரஞ்சும் கறிவேப்பிலைக்குச் சொந்தக்காரர்கள். ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பும் சிலிட் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் பிடிக்கும். 1998-இல் அந்தப் பூச்சி ஃப்ளோரிடாவில் தென்பட்டது; 2005-இல் நோயும் வந்தது. ஊரிலிருந்து பெட்டியில் ஒரு கொத்துகூடக் கொண்டுவர முடியாது. அதோடு, என் செடி அம்மா வைத்தது. ஆறு மாதம் இங்கே தங்கியிருந்தபோது பக்கத்துத் தெரு அக்காவிடம் கேட்டு வாங்கிய பக்கக்கன்று. முட்டிவலியால் இனி அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்கிறார்.

செடி தனியாக உள்ளே வருவதில்லை. வெளியே மழையும் பொறிவண்டும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும். உள்ளே ஹீட்டரின் வறண்ட காற்று, எதிரியே கிடையாது, செஞ்சிலந்திக்குச் சொர்க்கம். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் புள்ளிகள் விழும். புள்ளி நடந்தால் சிலந்தி.

முதலில் இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். தொட்டியை வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் அமிழ்த்தினால் எறும்புகள் மேலே ஏறி வரும். செதில்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு பூச்சிகளுக்கென்றே விற்கும் சோப்புக் கரைசல். ஈரமாக இருக்கும்வரைதான் அது கொல்லும், முட்டைகளை விட்டுவிடும். அதனால் வாரம் ஒருமுறை, மூன்று தடவை. அதுவரை மற்ற செடிகளிடமிருந்து தனி அறை. வேரில் ஊற்றும் மருந்து மட்டும் வேண்டாம். அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "திங்கிற செடிக்கு வெசம் ஊத்தாதடா."

டிசம்பரில் வீடியோ காலில் செடியைக் காட்டினேன். பாதி இலை உதிர்ந்து குச்சியாக நின்றது.

"இவ்ளோ மெனக்கெட்டும் கொட்டுதேம்மா."

"குளிருக்குக் கொட்டத்தான் செய்யும். தண்ணியக் கொறச்சு ஊத்து. வேர் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப போதும். உனக்கு முட்டிக்கு ஒண்ணும் இல்லையே?"

முட்டிவலி அவருக்குத்தான். ஆனாலும் என்னைத்தான் கேட்கிறார்.