ஒற்றைப் பனைக்கு இந்தப் பக்கம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தேன். காலனி வரைக்கும் மல்லாட்டைக் கொல்லைகள். நடுநடுவே மஞ்சள் பூசிய மனைக் கற்கள்.

கம்பிவேலிக்கு வெளியே நின்று பெரியவர் கை நீட்டினார். "அதோ ஒத்தப் பனை தெரியுது பாருங்க சார், அதுவரைக்கும் எங்க தாத்தா கொல்லை." உள்ளே கால் வைக்கவில்லை. மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். பழைய அ-பதிவேட்டின் நகல். சர்வே எண்ணுக்கு நேரே 'டி.சி. நிபந்தனை நிலம்'.

பஞ்சமி நிலம் என்பதற்கு ஆவணத்தில் அதுதான் பெயர். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நிலம் வழங்கச் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

அப்புறம் இந்தக் கொல்லை எப்படிக் கைமாறியது? மகள் கல்யாணத்துக்கு ஊர்க்காரரிடம் வாங்கிய கடன், வெள்ளைத்தாளில் வைத்த கைநாட்டு. எண்பதுகளில் யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பு நடந்தபோது பட்டா வேறு பெயரில் ஏறியது. 'நிபந்தனை' என்ற சொல்லே புதிய பதிவில் இல்லை.

"ஆபீஸுக்குப் போனா, 'நீங்க அனுபவத்துல இல்லையே'ன்றாங்க. வேலி போட்டவன் யாருன்னு கேக்கறதில்ல."

இதைக் கேட்டதும் எனக்கு மேற்குக் கரை நினைவுக்கு வந்தது. மூன்றாண்டு தொடர்ந்து பயிர்செய்யாத நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது ஒட்டோமான் பேரரசின் 1858-ஆம் ஆண்டு நிலச் சட்டம். அதைக் கொண்டே இஸ்ரேல் பாலஸ்தீன உழவர்களின் மேட்டுநிலங்களை அரசு நிலமென்று அறிவித்தது. யூதக் குடியேற்றங்கள் பல அங்கேதான் எழுந்தன. அங்கேயும் உழவனிடம் கேட்கப்படுவது அனுபவம்தான். அதைத் தடுத்தவர்களை யாரும் கேட்பதில்லை. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நிபந்தனையை மீறிய விற்பனையை ரத்து செய்து நிலத்தை மீட்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். பெரியவர் அந்த இரண்டு பெயர்களையும் மெதுவாகச் சொன்னார்.

நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த திங்கட்கிழமை மனுநாள். விழுப்புரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பேரனிடம் கேட்டுக்கொண்டே வேலியோரமாக நடந்தார்.