கண்ணப்பர் பாடமும் எம் கண்ணும்

மலர்க் குழுவினர் எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டினர். இலக்கியக் கட்டுரையையே எதிர்பார்த்திருப்பர். யாமோ இழந்துபோன எம் இடக்கண்ணைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சிறுவயதிற் பனங்கருக்குக் கிழித்து ஒளியிழந்த அக்கண், பின்னாளிற் பொறுக்கவொண்ணா வலி தந்தமையால், 2019ஆம் ஆண்டில் அதனை அகற்றுவித்தோம். முன்னதாக வைத்தியர், "நாளாந்தம் ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?" என வினவினார். நெஞ்சு நோய்க்காக அஸ்பிரின் உட்கொண்டு வந்தோம். சொன்னால் நாள் தள்ளிப்போகும், பாடசாலை விடுமுறை முடிந்துவிடும் என அஞ்சி, "இல்லை" என்றோம். பொய்யுரைத்த மாணவரைக் கண்டித்த வாயே அன்று பொய்யுரைத்தது.

கண்ணை அகற்றுவோர் முடிவிற் பார்வை நரம்பை அறுப்பர். அதனூடே நாடியும் ஓடுதலின் குருதி பெருகும். குழியிற் சீலை வைத்து ஐந்து முதற் பத்து நிமிடம் விடாது அழுத்துவர். அடங்காவிடின் நாடியைச் சுட்டு அடைப்பர். பின்னர் தையலிட்டு, இறுகக் கட்டுவர். கண்குழியைச் சூழ என்புச் சுவர் இருத்தலால், வெளியழுத்தம் கசியும் வாய்களை மூடிவிடும். அஸ்பிரினோ, குருதியை உறையச்செய்யும் சிறுதட்டுகளின் ஆற்றலை ஏழு முதற் பத்து நாள்வரை குறைப்பது.

அன்றிரவு கட்டு நனைந்து, குருதி கன்னத்தில் வழிந்தது. தாதியார் விரைந்து வந்து, எம் தலையை உயர்த்தி, புதுச்சீலை வைத்து, வைத்தியர் வரும்வரை அழுத்திய கையை எடாது நின்றார். வைத்தியரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சினந்திலர். "மாஸ்டர், நீங்களே மறைத்தால் நாங்கள் எப்படி அறிவது?" என்று மட்டும் கேட்டார். விடியுமுன் குருதி நின்றது. எம் நாணம் நிற்கவில்லை.

திருக்காளத்தியில் இறைவன் கண்ணிற் குருதி வழிய, பச்சிலைக்கும் அது நில்லாமையால், தம் கண்ணை இடந்து அப்பிய திண்ணனாரைப் பல்லாண்டு கற்பித்துள்ளோம். இறைவன் குருதி நின்றதென மகிழ்ந்து மேற்செல்வோம். திண்ணனாரின் கண்குழியில் வழிந்த குருதியை ஒருநாளும் எண்ணிலோம். தாதியார் கையின்கீழ்க் கிடந்த அவ்விரவிலேயே எண்ணினோம்.

ஆதலின் நண்பர்காள், உட்கொள்ளும் மருந்து அனைத்தையும் வைத்தியருக்கு உரைமின். தாமாக எதனையும் நிறுத்தவும் வேண்டா. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவரே தீர்மானிப்பர். சிகிச்சையின்பின் சில நாள் குனிதலும் பாரந்தூக்குதலும் முக்குதலும் ஆகா. இளஞ்சிவப்பு நீர் சிறிது கசிதல் இயல்பு. செங்குருதி கட்டை நனைத்துப் பெருகினும், வலியோ வீக்கமோ ஏறினும், தாமதியாது வைத்தியசாலை செல்மின்.

இப்போது எம் முகத்தில் இருப்பது செயற்கைக்கண். கண்ணப்பர் பாடம் வரும்போது, திண்ணனார் கண்ணை இடந்த அவ்விடத்திற் சற்றே நின்று, பின்னரே மேற்செல்கின்றோம்.